தேவாலயமும் சந்தையும்: ஓர் உவமையின் அரசியல்

தமிழிலக்கியம் கற்பிக்கும் ஒருவன் கணினி மென்பொருளைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமற்றது என்று வாசகர் சிலர் கருதக்கூடும். ஆயின் ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொள்வது ஒரு பொறியை அன்று, ஒரு கட்டுரையை. அக்கட்டுரை முழுவதும் ஓர் உவமையின் மீதே எழுப்பப்பட்டது. ஓர் உவமை எதனை விளக்குகின்றது என்பதோடு எதனை மறைக்கின்றது என்பதையும் ஆராய்வது விமர்சகனின் கடமையாகும். அவ்வுவமை உலகின் மிகப் பெரிய கூட்டு உழைப்பொன்றுக்கு விளக்கம் கூற முற்படும்போது அக்கடமை மேலும் கனதியடைகின்றது.

1997ஆம் ஆண்டு மே மாதம் ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் நடைபெற்ற லினக்ஸ் மாநாட்டில் எரிக் றேமண்ட் என்னும் அமெரிக்க நிரலாளர் ‘தேவாலயமும் சந்தையும்’ என்ற தலைப்பில் கட்டுரையொன்றை வாசித்தார். 1999இல் அது வேறு சில கட்டுரைகளுடன் சேர்ந்து நூலாக வெளிவந்தது. இன்று ‘திறந்த மூல மென்பொருள்’ என்று வழங்கும் இயக்கத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. அதனைப் படியாதவர்களும் அதன் உவமையை அறிவர்.

கட்டுரையின் கருத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். நிரல் என்பது முதலில் மனிதர் வாசித்து விளங்கக்கூடிய மொழியில் எழுதப்படுகின்றது. அதுவே மூலநிரல். பின்னர் அது பொறி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றப்படுகின்றது. மூலநிரலைப் பூட்டி வைத்து, பொறிவடிவத்தை மட்டும் விற்பதே மென்பொருள் முதலாளிகளின் வழமை. மூலநிரலை எல்லோர்க்கும் திறந்து வைத்து, எவரும் வாசித்துத் திருத்தலாம் என்று விடும்போது உற்பத்தி எவ்வாறு நிகழ்கின்றது என்பதே றேமண்டின் ஆய்வுப் பொருள். தேவாலயம் கட்டுவது போலச் சில வல்லுநர்கள் மூடிய கதவுகளுக்குப் பின்னே திட்டமிட்டு நெடுங்காலம் உழைத்து நிறைவுற்றதொன்றை வெளியிடுவது ஒரு முறை. சந்தையில் போலப் பலரும் வந்து போய், இரைந்து, விவாதித்து, குறையுள்ளதையும் அடிக்கடி வெளியிட்டு, பயன்படுத்துவோரையே உடனுழைப்பாளராக்குவது மற்றொரு முறை. இரண்டாவது முறையே சிறந்தது. பார்க்கும் கண்கள் பலவாகும்போது எந்தப் பிழையும் ஒளிந்திருக்க இயலாது என்பது அவர் முடிபு.

இக்கட்டுரையின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வோம். சம்பளமும் மேற்பார்வையாளனும் இலாப நோக்கும் இல்லாவிடின் பெரிய காரியம் எதுவும் நடவாது என்பது முதலாளித்துவச் சிந்தனையின் பழைய பல்லவி. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் 21 வயது மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், ஒருவரையொருவர் கண்டறியாத ஆயிரக்கணக்கானோரின் உழைப்பினால் வளர்ந்து அப்பல்லவியைப் பொய்யாக்கிற்று. 2017ஆம் ஆண்டு நவம்பர் தொடக்கம் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. நமது கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியின் அடித்தளமும் அதுவே. இந்த உண்மையைக் கண்டு வியந்து, அதன் செயன்முறையை நுணுக்கமாக விவரித்தவர் றேமண்ட். அவரும் ‘பெற்ச்மெயில்’ என்ற சிறிய மின்னஞ்சல் நிரலொன்றை இம்முறையிலே வளர்த்துப் பார்த்து, தமது அனுபவத்திலிருந்தே எழுதினார். அனுபவம் பேசும் பகுதிகளிலே கட்டுரை உயிர்ப்புடன் திகழ்கின்றது. விளக்கம் கூறப் புகும் இடத்திலேதான் குறை தலைகாட்டுகின்றது.

*

நூல் ஒன்றை மதிப்பிடுமுன் பாடபேதங்களை நோக்குதல் தமிழாய்வின் மரபு. இக்கட்டுரையிலும் கவனத்துக்குரிய பாடபேதம் ஒன்றுண்டு. முதலில் வாசிக்கப்பட்ட வடிவத்தில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற பொருள்படும் தொடரே இடம்பெற்றிருந்தது. 1998ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆசிரியர் அதனை நீக்கிவிட்டு ‘திறந்த மூலம்’ என்ற புதிய தொடரை இட்டார். அச்சொல் அம்மாதத்திலேதான் கிறிஸ்ரின் பீற்றர்சன் என்பவரால் முன்மொழியப்பட்டது. அதற்கு முந்திய மாதம் நெற்ஸ்கேப் நிறுவனம் தனது உலாவியின் மூலநிரலை வெளியிடப் போவதாக அறிவித்திருந்தது. நெற்ஸ்கேப் தமது வழிக்கு வந்ததைக் கொண்டாடும் பின்னுரை ஒன்றையும் றேமண்ட் கட்டுரையோடு சேர்த்தார்.

ஒரு சொல் மாறியதில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். நீக்கப்பட்ட சொல்லின் வரலாற்றை அறிந்தாலே இதற்கு விடை கிடைக்கும்.

1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடமொன்றுக்கு லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்து சேர்ந்தது. அதில் கடதாசி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். முந்திய அச்சுப்பொறி சிக்கும்போது பயனாளருக்குச் செய்தி அனுப்பும் வண்ணம் அதன் நிரலைத் திருத்தியிருந்த றிச்சர்ட் ஸ்டோல்மன், புதியதையும் அவ்வாறே திருத்த விரும்பினார். மூலநிரல் கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருந்தது. எவருக்கும் கொடுப்பதில்லை என்று அவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருந்தமையால் தர மறுத்துவிட்டார். சக ஆய்வாளன் ஒருவனுக்கு உதவுவதையே குற்றமாக்கும் உடைமை முறை எத்தகையது என்ற வினா ஸ்டோல்மனின் உள்ளத்தில் எழுந்தது. 1983 செப்டெம்பரில் அவர் ‘குனூ’ திட்டத்தை அறிவித்தார். 1985இல் அதன் கொள்கை அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. 1989இல் ‘பொதுமக்கள் உரிமம்’ பிறந்தது. அவ்வுரிமத்தின் நுட்பம் குறிப்பிடத்தக்கது. இந்நிரலை எவரும் இயக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர், தமது திருத்தத்தையும் இதே சுதந்திரத்துடனேயே கொடுத்தல் வேண்டும். தனியுடைமையைக் காக்கப் பிறந்த பதிப்புரிமைச் சட்டமே பொதுவுடைமையைக் காக்கும் வேலியாக மாற்றப்பட்டது. 1992 முதல் லினக்ஸும் இவ்வேலிக்குள்ளேயே வளர்ந்தது.

ஆங்கிலத்தில் சுதந்திரத்துக்கும் விலையின்மைக்கும் ஒரே சொல் வழங்குவதால் குழப்பம் நேர்ந்தது உண்மையே. தமிழில் அக்குழப்பம் இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு என்பதை நமது மாணவர் எளிதில் உணர்வர். ஆனால் றேமண்டும் அவருடைய நண்பர்களும் சொல்லை மாற்றியதற்குக் குழப்பம் மட்டும் காரணமன்று. பழைய சொல் வணிகரை அச்சுறுத்துகின்றது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. கட்டற்றது என்று கூறுமிடத்துக் கட்டியவன் யார் என்ற கேள்வி எழும். திறந்தது என்று கூறுமிடத்து அக்கேள்வி எழாது. திறந்து வைத்தவனின் பெருந்தன்மையே புலப்படும். உரிமை பற்றிய வழக்கு, பொறியியற் சிக்கனம் பற்றிய ஆலோசனையாக உருமாறிற்று. ஒரு சொல்லின் மாற்றத்தில் ஓர் இயக்கத்தின் கேள்வியே மாறியதற்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

*

இனி உவமைக்கு வருவோம். தேவாலயம் என்றால் மைக்ரோசொவ்ற் போன்ற பெருங்கம்பனிகள் என்றே பலரும் இன்று எண்ணுகின்றனர். மூலத்தைப் படித்தால் வேறொன்று தெரியவரும். றேமண்ட் தேவாலயத்துக்குக் காட்டும் உதாரணம், ஸ்டோல்மன் குழுவினர் உருவாக்கிய ‘ஈமாக்ஸ்’ போன்ற கட்டற்ற மென்பொருள்களே. எனவே கட்டுரையின் விவாதம் முதலாளிக்கும் உழைப்பாளிக்கும் இடையிலானதன்று. கட்டற்ற மென்பொருள் முகாமுக்குள்ளேயே இருவகை வேலைமுறைகளுக்கு இடையிலானது. உடைமை பற்றிய வினாவை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டுத்தான் கட்டுரை தொடங்குகின்றது.

சந்தை என்ற உவமையையும் நோக்குவோம். சந்தையின் இரைச்சலையும் பன்மையையும் றேமண்ட் காண்கின்றார். நிலம் யாருடையது, குத்தகை எடுத்தவர் யார், அந்தி சாய்ந்த பின்னர் கூட்டித் துப்புரவாக்குபவர் யார் என்பவற்றைக் காணவில்லை. ரோவால்ட்ஸின் மாணவப் பருவம் கட்டணமின்றிப் பல்கலைக்கழகக் கல்வி வழங்கிய பின்லாந்தின் பொதுப்பணத்தினால் இயன்றது. ஸ்டோல்மன் பணியாற்றிய ஆய்வுகூடம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் இயங்கியது. எல்லோரையும் இணைத்த இணையமும் அவ்வாறு அரச நிதியில் தோன்றியதே. சந்தையின் கடைகள் பொது நிலத்திலே எழுந்தவை. கட்டுரையோ அவற்றை விதையின்றி முளைத்த விருட்சங்கள் போல விவரிக்கின்றது.

மனிதர் ஏன் ஊதியமின்றி உழைக்கின்றனர் என்ற வினாவுக்கு றேமண்ட் தரும் விடை இன்னும் குறுகியது. நிரலாளர் தம் தேவையைத் தீர்க்கவும், சகாக்களிடையே புகழ் பெற்றுத் தன்முனைப்பைத் திருப்திப்படுத்தவும் உழைக்கின்றனராம். சுயநலமிகள் பலர் கூடுமிடத்துத் தானாகவே ஓர் ஒழுங்கு தோன்றுமாம். இது சுதந்திரச் சந்தைப் பொருளாதாரத்தின் பழைய வேதமே. வியப்புக்குரியது யாதெனில், இதே கட்டுரையில் அவர் ருஷ்யப் புரட்சியாளரான குரோபொட்கினைத் துணைக்கழைக்கின்றார். பண்ணையடிமைகளை உடைமையாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த குரோபொட்கின், ஆணையிட்டு வேலை வாங்குவதற்கும் பொதுப் புரிந்துணர்வால் இணைந்து உழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தம் நினைவுக் குறிப்புகளிலே பேசுகின்றார். அப்பகுதியை எடுத்துக்கொண்ட றேமண்ட், அவர் அதிலிருந்து தனியுடைமை ஒழிய வேண்டும் என்ற முடிபுக்கு வந்ததை விட்டுவிடுகின்றார். ஆணை வேண்டாம் என்பது அவருக்கு உவப்பானது. உடைமை வேண்டாம் என்பது உவப்பற்றது.

*

வகுப்பிலே இவ்விடயத்தை ஒருமுறை விளக்கியபோது உயர்தர மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், உலகம் முழுக்கப் பாவிக்கிற சாமானைச் செய்தவைக்குச் சம்பளம் ஆர் குடுக்கிறது?” என்று கேட்டான். நூல் முழுவதையும் படித்த பின்னரும் இக்கேள்விக்கு நேரான விடை கிடைக்கவில்லை. வரலாறே விடையளித்திருக்கின்றது.

2001ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற்றின் தலைவர் லினக்ஸைப் புற்றுநோய் என்று வர்ணித்தார். 2018இல் அதே நிறுவனம், உலகின் திறந்த மூல நிரல்களில் மிகப் பெரும் பகுதி சேமிக்கப்பட்டிருக்கும் ‘கிற்ஹப்’ தளத்தை 750 கோடி டொலருக்கு வாங்கிற்று. லினக்ஸை விநியோகித்து வளர்ந்த ‘ரெட் ஹற்’ கம்பனியை ஐ.பி.எம். 3,400 கோடி டொலருக்கு வாங்கும் ஒப்பந்தம் அவ்வாண்டே அறிவிக்கப்பட்டு, 2019இல் நிறைவேறிற்று. லினக்ஸின் கருநிரலுக்கு வரும் பங்களிப்புகளிற் பெரும்பகுதியை இன்று எழுதுவோர் பெருங்கம்பனிகளின் சம்பளம் பெறும் ஊழியர்களே. கம்பனிகளுக்கு இலாபம் தரும் இடத்தில் சம்பளம் கிடைக்கின்றது. ஏனைய இடங்களில் நிகழ்வது யாது?

2014 ஏப்ரிலில் ‘இதயக் கசிவு’ என்று பெயரிடப்பட்ட பிழை அம்பலமாயிற்று. இணையத்தில் கடவுச்சொற்களையும் வங்கி விபரங்களையும் காக்கும் ‘ஓப்பின் எஸ்.எஸ்.எல்.’ என்ற திறந்த மூல நிரலில் அது இரண்டாண்டுகளாக இருந்து வந்தது. உலகின் வணிகம் முழுவதும் சாய்ந்திருந்த அந்நிரலை முழுநேரமாகப் பராமரித்தவர் ஒருவரே; ஆண்டொன்றுக்குக் கிடைத்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டொலர். கண்கள் பலவாயின் பிழை ஒளியாது என்ற விதிக்கு நேர்ந்த கதி இது. பயன்படுத்தும் கைகள் கோடியாயிருந்தன. வாசிக்கும் கண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியனவே. வாசிப்பதும் உழைப்பு என்பதை உவமை மறந்துவிட்டது.

பத்தாண்டுகளின் பின்னர் நேர்ந்தது இன்னும் துயரமானது. தரவுகளைச் சுருக்கும் ‘எக்ஸ்.இசட்.’ என்ற சிறு நிரல் உலகின் எண்ணற்ற கணினிகளில் உள்ளது. அதனைப் பல்லாண்டுகளாக ஊதியமின்றித் தனியொருவராகப் பராமரித்தவர் மனநலக் குறைவினால் வேகமாக உழைக்க முடியாதிருப்பதை 2022இல் வெளிப்படையாகவே கூறினார்.  ஏன் தாமதம் என்று அவரை நெருக்கியவர் சிலர். அந்த நெருக்கடியிடையே உதவிக்கு வந்த புனைபெயராளர் ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பைப் பங்கிட்டு, இறுதியிலே களவாய்ப் புகுவதற்கான கதவொன்றை நிரலுள் மறைத்து வைத்தார். 2024 மார்ச் 29ஆந் திகதி, அந்திரெஸ் பிரொயிண்ட் என்ற பொறியியலாளர், தமது கணினியிற் புகுபதிகை அரைச் செக்கன் தாமதிப்பதைக் கண்டு ஆராய்ந்து இதனை வெளிப்படுத்தினார். மூலநிரல் திறந்திருந்தமையாலேயே அவரால் ஆராய முடிந்தது என்பது உண்மை. களைத்துப்போன ஒருவரின் தனிமையே பகைவனுக்கு வாயிலாயிற்று என்பதும் அதற்குச் சற்றும் குறையாத உண்மை.

*

இவற்றைக் கண்டு நம்முள் சிலர், திறந்த மூலம் என்பதே முதலாளிகளுக்கு இலவச உழைப்பைத் திரட்டிக் கொடுக்கும் சூழ்ச்சி என்று முடிவு கட்டிவிடுகின்றனர். வேறு சிலர், தனியுடைமை தானாகவே உதிர்ந்து பொதுவுடைமை கணினிக்குள்ளே வந்துவிட்டது என்று மகிழ்கின்றனர். இரண்டும் அவசரமான முடிபுகள். முன்னவர் உழைத்தவரின் நோக்கத்தைக் காணவில்லை. பின்னவர் விளைச்சல் எங்கே போகின்றது என்பதைக் காணவில்லை.

நோக்கம் பற்றி அறியத் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே உதவுகின்றது, எங்கே எது தேவை என்பவற்றை ஒருங்கே பதிவு செய்ய வழியிருக்கவில்லை. கொழும்பில் லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சேர்ந்த தன்னார்வலர் சில வாரங்களிலே அதற்கான மென்பொருளைக் கட்டியெழுப்பினர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல்லால் அதற்கு ‘சஹனா’ என்று பெயரிட்டனர். மூலநிரல் திறந்திருந்தமையால் 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின் போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின் போதும், 2010இல் ஹெயிற்றிப் பூகம்பத்தின் போதும் பிறர் அதனை எடுத்துத் தமக்கேற்பத் திருத்திப் பயன்படுத்தினர். சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதை, ஸ்டோல்மன் நிறுவிய அறக்கட்டளையே இத்திட்டத்துக்கு வழங்கியது. பிணங்கள் கரையொதுங்கிக்கொண்டிருந்த நாட்களிற் கணினி முன் கண்விழித்திருந்தோர் தன்முனைப்பைத் திருப்திப்படுத்தவே உழைத்தனர் என்று கூறுவது, றேமண்டின் விளக்கத்தின் வறுமையையே காட்டும். தேவை கண்டு உழைப்பதும், செய்ததைப் பிறர்க்கு விட்டுச்செல்வதும் மனித இயல்புக்குப் புறம்பானவையல்ல.

விளைச்சல் பற்றியும் நமக்குச் சொந்தமான பாடம் ஒன்றுண்டு. கூகிள் நிறுவனம் 2005 தொடக்கம் ஆண்டுதோறும் மாணவர்க்கு உதவித்தொகை அளித்துத் திறந்த மூலத் திட்டங்களில் ஈடுபடுத்தி வருகின்றது. அதன் முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவரை அனுப்பிய பல்கலைக்கழகம் மொறட்டுவையாகும். இதில் நாம் பெருமைகொள்வது நியாயமே. ஆயின் அம்மாணவரைப் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை படிப்பித்தது இந்நாட்டின் இலவசக் கல்வி. தேயிலைக் கொழுந்து பறிப்பவரும் வயலில் இறங்குபவரும் செலுத்தும் வரி அதில் கலந்திருக்கின்றது. அவ்வுழைப்பின் பயன் எத்தனை பங்கு உலக மக்களுக்கும், எத்தனை பங்கு கம்பனிகளின் சேமிப்புக்கும் செல்கின்றது என்று வினவும் பழக்கத்தை நாம் மாணவரிடம் வளர்த்திருக்கின்றோமா?

உரிமத்தைத் தெரிவு செய்வது இதனாலேயே வெறும் சம்பிரதாயமன்று. வேலியற்ற உரிமத்தில் வெளியிட்ட நிரலைக் கம்பனி எடுத்துப் பூட்டிக்கொள்ளலாம். வேலியுள்ள உரிமத்திலும் ஓர் ஓட்டை உண்டு: நிரலைப் பிறருக்குக் கொடாமல், தன் சேவையகத்திலே இயக்கிச் சேவையை மட்டும் விற்பவரை அது கட்டுப்படுத்தாது. அவ்வோட்டையை அடைக்க 2007இல் தனி உரிமம் ஒன்று இயற்றப்பட்டது. எமது கணினிப் பாடத்தில் மென்பொருள்களின் பெயர்களைப் பட்டியலாக மனனம் செய்விக்கின்றோம், இவ்வேறுபாட்டை விளக்குவதில்லை. களவாய்ப் பிரதி செய்த மென்பொருளைப் பாடசாலைக் கணினியில் இட்டுவிட்டு, ‘எப்படியும் இலவசந்தானே’ என்று அமைதி கொள்ளும் மனப்பான்மை நம்மிடையே இருக்கும்வரை கட்டற்றது எதுவென்பது மாணவருக்கு விளங்கப்போவதில்லை. விற்பனையாளனிடம் திருடுவதால் அவனுடைய ஆதிக்கம் குறைவதில்லை. அவனுடைய கருவிக்கே கைகள் பழகிப்போகின்றன.

தமிழ் இவ்விடயத்திற் கடன்பட்ட மொழி. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலேயே தன்னார்வலர் பலர் லினக்ஸின் முகப்புச் சொற்களைத் தமிழாக்கத் தொடங்கினர். தமிழுக்குச் சந்தை உண்டா என்று எவரிடமும் அவர்கள் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, மூலம் திறந்திருந்தது. நிரலெழுதத் தெரியாத தமிழாசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய பணி இங்கே நிறைய உண்டு. பிழையான கலைச்சொல்லைத் திருத்துதல், உதவிக் குறிப்புகளை எழுதுதல், எழுத்துப்பிழை திருத்தும் கருவிக்குச் சொற்பட்டியல் சேர்த்தல், கண்ட பிழையைத் தெளிவாக எழுதி அறிவித்தல் ஆகிய யாவும் பங்களிப்பே.

*

றேமண்டின் உவமைக்கு மாற்றாக நாம் எதனை வைப்பது? வரண்ட பிரதேசத்துக் கிராமக் குளத்தைக் கூறலாம் என்று தோன்றுகின்றது. குளத்து நீர் பொது. அணைக்கட்டைப் பேணும் உழைப்பும் பொது. ஆனால் பழமையைப் போற்றும் மயக்கம் நமக்கு வேண்டியதில்லை. அவ்வுழைப்பு இராசகாரியம் என்ற கட்டாயத்தாலும் சாதிப் படிநிலையாலும் பெறப்பட்டது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டமை நியாயமானதே. ஆயின் கட்டாயத்தை நீக்கியவர்கள் அதன் இடத்தில் வேறோர் ஏற்பாட்டை வைக்கவில்லை. குளங்கள் தூர்ந்தன, அணைகள் உடைந்தன, 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் இயற்றிப் பழைய வழமைகளை மீட்க முயலவேண்டி வந்தது. ஆணையை ஒழித்தாற் போதும், மற்றதெல்லாம் தானாக நடைபெறும் என்று எண்ணியோர் கற்ற பாடம் அது. றேமண்டின் சந்தை இன்று கற்றுக்கொண்டிருப்பதும் அதுவே.

பொதுச்சொத்தைப் படைப்பதற்கு ஆர்வம் போதும். பேணுவதற்கு ஏற்பாடு வேண்டும். ஜேர்மன் அரசு 2022இல் இத்தகைய அடிப்படை மென்பொருள்களைப் பராமரிப்போர்க்கு ஊதியமளிக்கப் பொதுநிதியம் ஒன்றை நிறுவியது. செல்வந்த நாட்டுக்கு இயலும், நமக்கு இயலாது என்று கூறுவது பொருந்தாது. அரச பணத்தில் எழுதப்படும் மென்பொருள் யாவும் மக்களுக்குத் திறந்திருத்தல் வேண்டும் என்று கேட்பதற்குப் பணம் தேவையில்லை. பல்கலைக்கழகங்கள் தாம் நாள்தோறும் பயன்படுத்தும் நிரல்களின் பராமரிப்பை மாணவரின் பட்டப்படிப்புப் பணியாக ஏற்பதற்கும் பெருஞ்செலவு ஏற்படாது. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் ஒன்றியங்களும் இவற்றைத் தமது கோரிக்கைகளாக முன்வைத்தல் வேண்டும்.

‘தேவாலயமும் சந்தையும்’ படிக்கப்பட வேண்டிய கட்டுரையே. ஆணையிடுவோர் இன்றியும் மனிதர் கூடி மகத்தானவற்றைப் படைக்க முடியும் என்பதற்கு அது கண்கண்ட சாட்சியம். ஆனால் அது சாட்சியம் மட்டுமே, தீர்ப்பாகாது. ஆர் சம்பளம் குடுக்கிறது என்று கேட்ட மாணவன், அந்நூல் நின்றுவிட்ட இடத்திலிருந்து தொடங்கினான். நாமும் அவனோடு அங்கிருந்தே தொடங்குவோம்.